மவுஸ் எங்கே போச்சு? இரண்டு மானிட்டர் செட்டிங்ஸ் ஏன் இப்படிக் குழப்புகிறது?

லேப்டாப்பில் கேபிளைச் செருகியதும் பக்கத்தில் இருக்கும் பெரிய மானிட்டருக்கு உயிர் வருகிறது. மவுஸை அந்தப் பக்கம் தள்ளினால் கர்சர் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. எதிர்ப்பக்கம் தள்ளினால், பெரிய மானிட்டரின் மறுகோடியில் இருந்து எட்டிப் பார்க்கிறது. திறந்து வைத்த ஃபைலைக் காணோம். எழுத்தெல்லாம் ஒரு திரையில் கடுகு சைஸிலும், இன்னொன்றில் கொண்டைக்கடலை சைஸிலும் தெரிகிறது.

இரண்டு திரை வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு. ஐ.டி ஊழியர்கள் மட்டும் புழங்கிய இரண்டாவது மானிட்டர், வொர்க் ஃப்ரம் ஹோம் காலத்துக்குப் பிறகு வீட்டு டைனிங் டேபிள் வரை வந்துவிட்டது. ஒரு பக்கம் பில்லையும் மறுபக்கம் கணக்கு சாஃப்ட்வேரையும் வைத்துச் சரிபார்க்கும் அக்கவுன்டன்ட், ப்ரொஜெக்டரில் பாடம் காட்டும் ஆசிரியர், டி.வி-யில் லேப்டாப்பை இணைத்து ஆன்லைன் வகுப்பு பார்க்கும் மாணவர் என எல்லோரும் ஒருநாள் அந்த 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' பக்கத்தைத் திறந்தே ஆகவேண்டும்.

யாரும் அதைத் தினமும் திறப்பதில்லை. வருடத்துக்கு நாலைந்து முறை திறந்தால் அதிகம். ஆனால், திறக்கும்போதெல்லாம் அவசரம். மீட்டிங்குக்கு இரண்டு நிமிடம் இருக்கும், வகுப்பில் மாணவர்கள் காத்திருப்பார்கள். பழகிப் பழகித் தேர்ச்சி பெற வாய்ப்பே இல்லாத ஒரு பக்கம், பார்த்த மாத்திரத்தில் புரிய வேண்டும். இதுதான் அதை வடிவமைப்பவர்களுக்கான பரீட்சை. அதில் அவர்கள் எங்கே பாஸ், எங்கே ஃபெயில்?

கம்ப்யூட்டருக்குத் தெரியாத ஒரே விஷயம்

மானிட்டரை இணைத்ததும், அது தன்னைப் பற்றிய சின்ன ஜாதகம் ஒன்றைக் கம்ப்யூட்டரிடம் நீட்டுகிறது. அதற்குப் பெயர் 'இ.டி.ஐ.டி'. 1994-ல் 'வெசா' என்ற தொழில்நுட்பத் தர அமைப்பு உருவாக்கிய முறை இது. அதன் அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். ஒரு எஸ்.எம்.எஸ் அளவுதான். தயாரித்த நிறுவனம், மாடல், வரிசை எண், திரையின் அகலம், உயரம், எந்தெந்த ரெசல்யூஷன் ஓடும் என்பதெல்லாம் அதற்குள் இருக்கும்.

ஒன்றே ஒன்று மட்டும் இருக்காது. அந்த மானிட்டர் மேஜையில் எங்கே இருக்கிறது? லேப்டாப்புக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா, ஸ்டாண்டு போட்டு மேலேயா? இதைச் சொல்லும் வசதி கேபிளிலும் இல்லை, மானிட்டரிலும் இல்லை. அதனால் கம்ப்யூட்டர் ஓர் ஊகம் செய்கிறது. விண்டோஸ் பொதுவாக, புதிய மானிட்டர் வலப்பக்கம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. உங்கள் வீட்டில் அது இடப்பக்கம் இருந்தால் தொடங்கியது கண்ணாமூச்சி.

ஆக, இந்த செட்டிங்ஸ் பக்கத்தின் முதல் வேலை, 'உங்கள் மேஜையில் எது எங்கே இருக்கிறது?' என்ற கேள்வியை எளிமையாகக் கேட்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கேஸ் அடுப்பு சொல்லும் பாடம்

வடிவமைப்பு பற்றிப் படிக்கும் மாணவர்களுக்குச் சொல்லப்படும் புகழ்பெற்ற உதாரணம், நான்கு பர்னர் அடுப்பு. அமெரிக்க அறிவியலாளர் டான் நார்மன் 1988-ல் வெளியான தன் புத்தகத்தில் அதைப் பேசினார். பர்னர்கள் சதுரமாக இருக்க, திருகுகள் மட்டும் ஒரே வரிசையில் இருந்தால் எந்தத் திருகு எந்த பர்னருக்கு என்று தெரியாது. வருடக்கணக்கில் சமைப்பவர்களும் சில நேரம் தவறான திருகைத் திருப்புவார்கள். திருகுகளையும் பர்னர்கள் இருக்கும் அமைப்பிலேயே வைத்துவிட்டால், லேபிளே ஒட்ட வேண்டாம். கை தானாகச் சரியான திருகுக்குப் போகும்.

மானிட்டர் செட்டிங்ஸில் இந்தப் பாடத்தை அழகாகப் பயன்படுத்தியது ஆப்பிள். 1987-ல் வந்த மேகின்டோஷ் 2 கம்ப்யூட்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட திரைகளை இணைக்க முடிந்தது. அதன் செட்டிங்ஸில் ஒவ்வொரு மானிட்டரும் ஒரு சின்னப் பெட்டியாகத் தெரியும். மேஜையில் இருப்பதுபோலவே பெட்டிகளை மவுஸால் இழுத்து வைத்தால் வேலை முடிந்தது. எது முக்கியத் திரை என்று சொல்ல, பெட்டியின் மேல் இருக்கும் மெனு பட்டையைப் பிடித்து அடுத்த பெட்டியில் விட்டால் போதும்.

மைக்ரோசாஃப்ட் இந்த வசதிக்கு வர 1998 ஆனது. விண்டோஸ் 98-ல்தான் வீட்டு உபயோகத்துக்கான விண்டோஸ் முதன்முதலாகப் பல மானிட்டர்களை ஏற்றுக்கொண்டது. அதிகபட்சம் ஒன்பது! அங்கும் அதே பெட்டிகள், அதே இழுத்து வைக்கும் முறை. இன்றைய விண்டோஸ் 11, மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் இதே யோசனைதான் ஓடுகிறது. இத்தனை வருடங்களாக யாரும் இதை மாற்றவில்லை என்றால், அடிப்படை சரி என்றுதான் அர்த்தம். சிக்கலெல்லாம் விவரங்களில் இருக்கிறது.

'1' எது, '2' எது?

செட்டிங்ஸில் இரண்டு பெட்டிகள் தெரிகின்றன. ஒன்றில் 1, இன்னொன்றில் 2. எந்த எண் எந்த மானிட்டர்? இடமிருந்து வலமாக எண் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தால் ஏமாந்தோம். மானிட்டர் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதற்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை.

இதற்கு விண்டோஸ் வைத்திருக்கும் விடை 'ஐடென்டிஃபை' பட்டன். அதை அழுத்தினால் ஒவ்வொரு திரையின் மேலும் அதன் எண் பெரிதாக ஒளிரும். நல்ல வசதிதான். ஆனால் பலருக்கு அப்படியொரு பட்டன் இருப்பதே தெரியாது. மேக்கில் பெட்டியைப் பிடித்து நகர்த்தத் தொடங்கியதுமே, அதற்குரிய நிஜத் திரையைச் சுற்றிச் சிவப்புக் கோடு வந்துவிடும். கேட்காமலேயே பதில். பயனர் ஒரு பட்டனைத் தேடி அழுத்தும் வேலையை மிச்சப்படுத்துவதால், இந்த விஷயத்தில் மேக்குக்கு ஒரு மதிப்பெண் கூடுதல்.

விண்டோஸில் இன்னொரு குழப்பமும் உண்டு. முதலில் ஒரு பெட்டியை கிளிக் செய்தால், கீழே இருக்கும் ரெசல்யூஷன், ஸ்கேலிங் எல்லாம் அந்த மானிட்டருக்கு மட்டும் பொருந்தும். இதைக் கவனிக்காமல், 2-வது மானிட்டருக்குச் செய்வதாக நினைத்து 1-வதை மாற்றிவிடுபவர்கள் ஏராளம். கீழே உருட்டிக்கொண்டு போனபின், மேலே எந்தப் பெட்டி தேர்வாகியிருக்கிறது என்பது கண்ணில் படாது. 'நீங்கள் இப்போது மாற்றுவது 24 இன்ச் மானிட்டரை' என்று ஒவ்வொரு இடத்திலும் பெயர் சொன்னால் தீர்ந்துவிடும் பிரச்னை இது.

நடுவில் கண்ணுக்குத் தெரியாத சுவர்

பெட்டிகளைச் சரியான பக்கத்தில் வைத்தாயிற்று. ஆனாலும் கர்சர் சில இடங்களில் கடக்கிறது, சில இடங்களில் முட்டி நிற்கிறது. ஏன்?

அந்தப் பெட்டிகள் விண்டோஸில் இன்ச் கணக்கில் வரையப்படுவதில்லை, பிக்ஸல் கணக்கில் வரையப்படுகின்றன. 14 இன்ச் லேப்டாப்பில் 4கே திரை இருந்தால் அதில் 3840 × 2160 பிக்ஸல்கள். பக்கத்தில் இருக்கும் 24 இன்ச் மானிட்டர் ஃபுல் ஹெச்.டி என்றால் 1920 × 1080 மட்டுமே. செட்டிங்ஸில் சின்ன லேப்டாப், பெரிய மானிட்டரைவிட நான்கு மடங்கு பரப்பில் தெரியும். மேஜையில் கண் பார்ப்பது ஒன்று, திரையில் இருக்கும் படம் வேறொன்று. அடுப்புப் பாடம் இங்கே அடிவாங்குகிறது.

இரண்டு பெட்டிகளும் எந்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ, அந்த உயரத்தில்தான் கர்சருக்கு வாசல். மீதி இடமெல்லாம் சுவர். மேல் விளிம்பு ஒட்டியிருந்தால், 4கே திரையின் கீழ்ப்பாதியில் இருந்து பக்கத்துத் திரைக்குப் போகவே முடியாது. விண்டோஸ் 11-ல் இதற்கென, திரைகளுக்கு இடையே கர்சரைச் சுலபமாக நகரவிடும் ஒரு தேர்வு 'மல்டிபிள் டிஸ்ப்ளேஸ்' பகுதிக்குள் இருக்கிறது. அதை ஆன் செய்தால், சுவர் இருக்கும் இடத்திலும் கர்சர் வழுக்கி அடுத்த திரைக்குப் போகும்.

இதற்கு நேரெதிர் தொல்லையும் உண்டு. இடப்பக்கத் திரையில் ஒரு விண்டோவை முழுதாக விரித்துவிட்டு, அதை மூட வலது மூலையில் இருக்கும் 'எக்ஸ்' பட்டனை நோக்கி மவுஸை வேகமாக வீசினால், கர்சர் நிற்காமல் அடுத்த திரைக்குள் ஓடிவிடும். ஒற்றைத் திரையில் ஓரம் ஒரு தடுப்புச்சுவர்போல உதவியது. உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-ல் சொன்ன விதிப்படி, இலக்கு பெரிதாகவும் அருகிலும் இருந்தால் அதைத் தொடுவது சுலபம். திரையின் ஓரம், கர்சரைத் தாண்டவிடாமல் பிடித்துக்கொள்வதால் எல்லையில்லாத பெரிய இலக்குக்குச் சமம். இரண்டாவது திரை வந்ததும் அந்த ஓரம் வாசலாகிவிடுகிறது.

கடுகு எழுத்து, கடலை எழுத்து

14 இன்ச் லேப்டாப், 24 இன்ச் மானிட்டர் இரண்டுமே ஃபுல் ஹெச்.டி என்று வைத்துக்கொள்வோம். பிக்ஸல் எண்ணிக்கை சமம். ஆனால், லேப்டாப்பில் ஓர் இன்ச்சுக்குச் சுமார் 157 பிக்ஸல்கள் நெருக்கியடித்து இருக்கும். மானிட்டரில் சுமார் 92 மட்டுமே. 20 பிக்ஸல் உயரமுள்ள ஓர் எழுத்து லேப்டாப்பில் 3.2 மில்லிமீட்டர், மானிட்டரில் 5.5 மில்லிமீட்டர். வித்தியாசம் புரிகிறதா?

இதைச் சரிசெய்வதுதான் 'ஸ்கேலிங்'. லேப்டாப்பை மட்டும் 150 சதவிகிதமாக வைத்தால், இரண்டிலும் எழுத்துகள் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வரும். ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனி ஸ்கேலிங் என்ற வசதி விண்டோஸில் 2013-ல், 8.1 பதிப்பில்தான் வந்தது. இன்றும் சில பழைய சாஃப்ட்வேர்களை ஒரு திரையில் இருந்து இன்னொன்றுக்கு இழுத்தால் எழுத்து மங்கலாகத் தெரியும். அது உங்கள் கண்ணின் கோளாறு இல்லை. அந்த சாஃப்ட்வேர் புதிய முறைக்கு மாறவில்லை, அவ்வளவுதான்.

வடிவமைப்பாளர்கள் செய்த நல்ல காரியம், சரியான அளவுக்குப் பக்கத்திலேயே 'பரிந்துரைக்கப்படுவது' என்று எழுதி வைத்தது. ஆனால் '125%', '150%' என்ற எண்களைப் பார்த்து சாதாரணப் பயனருக்கு என்ன புரியும்? கண் டாக்டரிடம் 'இந்த லென்ஸா, அந்த லென்ஸா?' என்று கேட்பதுபோல, மாதிரி எழுத்தைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இன்னும் எளிது.

15 விநாடி உயிர்க்கயிறு

இந்தப் பக்கத்தில் வேறெங்கும் இல்லாத ஓர் ஆபத்து இருக்கிறது. தவறான ரெசல்யூஷனைத் தேர்ந்தெடுத்தால் திரை முழுக்கக் கறுப்பாகிவிடலாம். தவற்றைத் திருத்த வேண்டிய பட்டனும் அந்தக் கறுப்புக்குள்தான் இருக்கும்! கிணற்றுக்குள் இறங்கிவிட்டு ஏணியை மேலே விட்டுவந்த கதை.

இதற்கு விண்டோஸில் இருக்கும் தீர்வு எளிமையானது. மாற்றம் செய்ததும், 'இந்த அமைப்பை வைத்துக்கொள்ளலாமா?' என்று கேட்டுவிட்டு 15 விநாடிகளை எண்ணத் தொடங்கும். பதில் வரவில்லை என்றால், பழைய நிலைக்கே திரும்பிவிடும். திரையே தெரியாத ஒருவரால் எந்த பட்டனையும் அழுத்த முடியாது. எனவே, மௌனத்துக்கு 'வேண்டாம்' என்றே பொருள் எடுத்துக்கொள்கிறார்கள். லினக்ஸ் டெஸ்க்டாப்களிலும் இதேபோன்ற கவுன்ட் டவுன் உண்டு.

அடுத்த முறை செட்டிங்ஸை மாற்றித் திரை கறுப்பானால், பதறி எதையும் அழுத்த வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு 15 எண்ணினால் போதும்.

'டூப்ளிகேட்' என்றால் போலியா?

விண்டோஸில் நான்கு தேர்வுகள் உண்டு. கம்ப்யூட்டர் திரை மட்டும், டூப்ளிகேட், எக்ஸ்டெண்ட், இரண்டாவது திரை மட்டும். இதில் நடுவில் இருக்கும் இரண்டும்தான் அதிகம் பயன்படுபவை, அதிகம் குழப்புபவை.

நம் ஊரில் 'டூப்ளிகேட்' என்றால் ஒன்று போலிச் சரக்கு, இல்லையென்றால் மாற்றுச் சாவி. முதல்முறை பார்ப்பவருக்கு அந்தச் சொல் ஒரு தயக்கத்தைத் தரும். 'இரண்டிலும் ஒரே காட்சி', 'இரண்டையும் சேர்த்து ஒரே அகலத் திரை' என்று செயலைச் சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. பயனரின் மொழியில் பேச வேண்டும் என்பது, யாக்கப் நீல்சன் 1994-ல் வகுத்த பத்து இடைமுக விதிகளில் ஒன்று.

இது சொல் பிரச்னை மட்டுமல்ல. ப்ரொஜெக்டரை இணைத்திருப்பவர் 'டூப்ளிகேட்'டில் இருப்பதை அறியாமல் மெயிலைத் திறந்தால், சம்பளக் கடிதம் முதல் குடும்ப வாட்ஸ்அப் குரூப் வரை சுவரில் பெரிதாகத் தெரியும். இதை யோசித்துத்தான், ஒரே காட்சி இரண்டு திரையில் ஓடும்போது நோட்டிஃபிகேஷன்களைத் தானாக நிறுத்தும் வசதியை விண்டோஸும் மேக்கும் வைத்திருக்கின்றன.

பெரிய நிறுவனங்களும் சறுக்கும்

1987-லேயே அசத்திய ஆப்பிள், 2011-ல் சறுக்கியது. அந்த வருடம் வந்த 'லயன்' பதிப்பில் ஒரு சாஃப்ட்வேரை முழுத்திரையாக்கினால், அடுத்த மானிட்டரில் வெறும் சாம்பல் நிறத் துணி போன்ற ஒரு பின்னணி மட்டும் தெரியும். காசு கொடுத்து வாங்கிய இரண்டாவது திரை அந்த நேரத்துக்கு வெறும் அலங்காரப் பொருள். 2013-ல் வந்த 'மேவரிக்ஸ்' பதிப்பில்தான் இது தீர்ந்தது. ஒரே திரையை மனதில் வைத்து யோசித்த ஒரு வசதி, இரண்டு திரைக்காரர்களை இரண்டு வருடம் காக்க வைத்தது.

விண்டோஸிலும் நீண்டகாலப் புகார் ஒன்று இருந்தது. கேபிளைக் கழற்றி மாட்டினால், அடுக்கி வைத்த விண்டோக்கள் எல்லாம் ஒரே திரையில் குவிந்துவிடும். 2021-ல் வந்த விண்டோஸ் 11, எந்த விண்டோ எந்த மானிட்டரில் இருந்தது என்பதை நினைவில் வைத்து, மீண்டும் இணைக்கும்போது அங்கேயே கொண்டுபோய் வைக்கிறது.

இழுக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்?

பெட்டியை மவுஸால் பிடித்து இழுப்பது பலருக்கு எளிது. கை நடுக்கம் உள்ள முதியவருக்கும், மவுஸ் பிடிக்க முடியாத மாற்றுத்திறனாளிக்கும், ஸ்கிரீன் ரீடர் உதவியோடு கம்ப்யூட்டர் இயக்கும் பார்வையற்றவருக்கும் அப்படியல்ல. இணையத் தளங்களை எல்லோரும் அணுகும்படி அமைப்பதற்கான சர்வதேச வழிகாட்டி டபிள்யூ.சி.ஏ.ஜி 2.2, அக்டோபர் 2023-ல் வெளியானது. இழுத்துச் செய்யும் எந்த வேலைக்கும், இழுக்காமல் வெறும் கிளிக்கில் செய்யும் மாற்றுவழி இருக்க வேண்டும் என்கிறது அது. இணையத்துக்காக எழுதப்பட்டாலும், இந்த செட்டிங்ஸுக்கும் அது அப்படியே பொருந்தும். 'இந்த மானிட்டர் எங்கே இருக்கிறது? இடம், வலம், மேல், கீழ்' என்று நான்கு பட்டன்கள் வைத்தால் போதும். அது எல்லோருக்குமே வேகமான வழி.

ஒரு நல்ல செட்டிங்ஸ் பக்கம் எப்படி இருக்கும்?

* புது மானிட்டரை இணைத்ததுமே, 'எந்தப் பக்கம் இருக்கிறது?' என்று கேட்கும்.
* 1, 2 என்பதோடு நிற்காமல், 'லேப்டாப் திரை', '24 இன்ச் மானிட்டர்' என்று பெயர் சொல்லும்.
* பெட்டியைத் தொட்டதும் அதற்குரிய நிஜத் திரை ஒளிரும்.
* பெட்டிகளை நிஜ அளவின் விகிதத்தில் வரையும். அளவுதான் இ.டி.ஐ.டி ஜாதகத்திலேயே இருக்கிறதே!
* தவறு செய்தால் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும்.
* வீட்டு மேஜை, ஆபீஸ் மேஜை இரண்டின் அமைப்பையும் தனித்தனியே நினைவில் வைக்கும்.

அதுவரை கைகொடுக்கும் குறுக்குவழிகள்

* விண்டோஸ் கீ + பி: நான்கு தேர்வுகளும் ஓரத்தில் வரும். செட்டிங்ஸுக்குள் போகவே வேண்டாம்.
* விண்டோஸ் கீ + ஷிஃப்ட் + இடது/வலது அம்புக்குறி: திறந்திருக்கும் விண்டோ அப்படியே அடுத்த திரைக்குத் தாவும்.
* விண்டோ காணாமல் போனால்: டாஸ்க்பாரில் அதைத் தேர்ந்தெடுத்து, ஆல்ட் + ஸ்பேஸ், பிறகு 'எம்' அழுத்துங்கள். அம்புக்குறியை ஒருமுறை தட்டிவிட்டு மவுஸை அசைத்தால், விண்டோ கர்சரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.
* மானிட்டர் இருந்தும் படம் வரவில்லையா: விண்டோஸ் கீ + கன்ட்ரோல் + ஷிஃப்ட் + பி அழுத்திப் பாருங்கள். இந்த 'பி', ஆங்கில அகரவரிசையின் இரண்டாவது எழுத்து. கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். திரை ஒரு கணம் அணைந்து வரும், பயப்பட வேண்டாம்.

அடுத்தது உங்கள் செல்போன்

'எனக்கு ஒரு மானிட்டரே இல்லை, போன்தான் எல்லாம்' என்பவர்களுக்கும் இந்தக் கதை தூரமில்லை. சாம்சங் 2017-ல் 'டெக்ஸ்' வசதியைக் கொண்டுவந்து, போனை மானிட்டரில் இணைத்துக் கம்ப்யூட்டர்போல இயக்க வழிசெய்தது. 2022-ல் ஐபேடின் சில மாடல்களும் வெளித்திரையைத் தனித்திரையாகப் பயன்படுத்தத் தொடங்கின. போனில் இருக்கும் சின்ன செட்டிங்ஸ் பக்கத்திலும் இனி இதே கேள்விகள் வரும். எந்தத் திரை எங்கே, எழுத்து எவ்வளவு பெரிதாக, எதை யாருக்குக் காட்டலாம்?

வீட்டில் ஏற்கெனவே இரண்டாவது மானிட்டர் இருந்தால், இன்றே அவசரமில்லாத நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திறங்கள். 'ஐடென்டிஃபை' அழுத்தி, 1 எங்கே, 2 எங்கே என்று பார்த்து, மேஜையில் இருப்பதுபோல் பெட்டிகளை இழுத்து வையுங்கள். இரண்டு நிமிட வேலைதான். நாளைக் காலை மீட்டிங்கில் மவுஸைத் தேட வேண்டியிருக்காது.